பன்னிரண்டாம் கடிதம்

'வகையைத் தேர்ந்தெடுக்கவும்' என்று திரை கேட்டு இருபது நிமிடம் ஆகிவிட்டது. பதிவறைக்காரர் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை.

"மாமா, எதையாவது ஒண்ணைத் தட்டுங்க. நான் கடைக்குப் போகணும்" என்றான் மச்சினன். அவனுக்குக் கைபேசிக் கடையில் வேலை. அந்த ஒரு தகுதியை வைத்துக்கொண்டு கணினி, இணையம், வாக்குவாதம் எல்லாவற்றுக்கும் குடும்பத்தில் அவன்தான் வல்லுநர்.

"எதையாவது தட்டுறதுக்கு இது என்ன, கதவா? வகை மாறினா புத்தகம் தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தம்."

அதை அவர் அனுபவத்தில் சொன்னார். முப்பத்தோரு வருடமாக ஓர் அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். அவர் கைக்கு வந்த ஒரு கோப்பும் இதுவரை இடம் மாறிப் போனதில்லை. காகிதத்தின் முதல் வரியைப் பார்த்தாலே எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று சொல்லிவிடுவார். அலுவலகத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, பதிவறைக்காரர்தான். கோபம் வந்தால் வீட்டில் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அந்தக் கதையாக, ஊர்க் காகிதத்துக்கெல்லாம் இடம் காட்டிய மனிதருக்குத் தன் புத்தகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

புத்தகத்தின் பெயர் 'பதில் வராத கடிதங்கள்'. கடிகாரம் பழுது பார்க்கிற ஒருவன், ஒரே ஒருமுறை தன் கடைக்கு வந்துபோன பெண்ணுக்கு வருடக் கணக்காகக் கடிதம் எழுதுகிறான். அவள் பதிலே போடுவதில்லை. நாவல் அவ்வளவுதான். அதை எழுதி முடிக்க அவருக்கு ஒன்பது வருடம் பிடித்தது. பிறகு பதிப்பகங்களுக்கு அனுப்பினார். நாவலின் தலைப்புக்கு மரியாதை கொடுத்து அவர்களும் பதில் போடவில்லை. கடைசியில், 'நீங்களே வெளியிடலாம்' என்று அழைக்கும் இந்த இணையக் கடைக்கு வந்து சேர்ந்தார்.

மற்ற வேலையெல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துபோயிற்று. அட்டைப்படம் போட்டாயிற்று. பின்னட்டைக் குறிப்பு போட்டாயிற்று. "புத்தகம் எங்க இருக்கு மாமா?" என்று மச்சினன் கேட்டான். அவருடைய கணினியும் ஒரு பதிவறைதான், எதையும் பெயர் வைத்துத் தேடக் கூடாது, வகை வைத்துத்தான் தேட வேண்டும். "கடிதங்கள்னு ஒரு பெட்டி இருக்கு பாரு. உள்ளே பதில் வந்தவை, பதில் வராதவைன்னு ரெண்டு இருக்கும். அதுல பதில் வராதவை" என்றார். "இருக்கு, இருக்கு" என்று அவன் தட்டினான். ஏறிவிட்டது.

ஏறியதைத் திறந்து சரிபார்க்கச் சொல்லிக் கடை இரண்டு முறை கேட்டது. பதிவறைக்காரர் மறுத்துவிட்டார். முத்திரை வைத்த கோப்பை மறுபடி திறப்பவன் வேலை தெரியாதவன் என்பது அவருடைய கொள்கை. அதோடு, ஒன்பது வருடத்தில் அறுபது தடவை படித்த நாவல் அது. அதன் முதல் வரியைப் பார்த்தாலே இப்போதெல்லாம் அவருக்குத் தலை சுற்றியது.

"ஒரு புத்தகம், ஒரு வகை. ரெண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் மாத்த முடியும். நல்லா யோசிச்சுக்குங்க" என்றான் மச்சினன்.

யோசித்ததில் இன்னும் இருபது நிமிடம் போயிற்று. உள்ளேயிருந்து மனைவி வந்தாள். கையில் துணி மூட்டை.

"முடிஞ்சுதா? மேசை எப்போ காலியாகும்?"

வீட்டின் முழுப் பிரச்சினையும் அந்த மேசைதான். கூடத்து மூலையில் கிடக்கிற சாதாரண மர மேசை. தினமும் காலை ஐந்து மணியிலிருந்து ஆறு வரை பதிவறைக்காரர் அதில் உட்கார்ந்து எழுதுவார். மீதி இருபத்து மூன்று மணி நேரமும் அதன்மேல் அவருடைய காகிதங்கள் உட்கார்ந்திருக்கும். மனைவி தரையில் போர்வையை விரித்து இஸ்திரி போட்டுப் போட்டு இடுப்பு விட்டுப்போயிற்று. அந்த மூலையில் சுவர் வேறு ஊறிப்போய், மேசையை ஒரு முழம் தள்ளிப்போட்டு, கீழே ஒரு நீலத் தொட்டியும் வைத்திருந்தார்கள். மேல்வீட்டுக் குழாய் எங்கோ கசிகிறது. மேல்வீடோ பூட்டிக் கிடக்கிறது. அதன் சொந்தக்காரர் எங்கோ வெளியூரில் இருக்கிறார், முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. சொல்லியும் பார்த்தாயிற்று, எழுதியும் பார்த்தாயிற்று. இப்போது தொட்டியைக் கொட்டுவது பல் தேய்ப்பது போல அன்றாட வேலையாகிவிட்டது.

போன மாதம் கணவனும் மனைவியும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்திருந்தார்கள். புத்தகம் வெளியாகி மூன்று மாதம். அதற்குள் சொந்தபந்தம் அல்லாத யாராவது ஒருவர், ஒரே ஒருவர், கடைசிப் பக்கம் வரை படித்தேன், மனசைத் தொட்டது என்று எழுத வேண்டும். எழுதினால் மேசை அவருக்கு. இல்லாவிட்டால் இஸ்திரிக்கு.

"ஒருத்தர் போதுமா?" என்று அவள்தான் பெருந்தன்மையோடு கேட்டாள். "போதும்" என்றார் அவர். மேசை போனால் அதோடு எழுத்தும் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ஐம்பத்தாறு வயதில் இன்னொரு மூலையைத் தேட உடம்பிலும் தெம்பில்லை, வீட்டிலும் மூலையில்லை.

"காதல்" என்று தட்டினார்.

*

பத்தாம் நாள் முதல் மதிப்புரை வந்தது. ஒரு நட்சத்திரம்.

'காதல் என்று போட்டிருக்கிறது. பாதிப் புத்தகம் தாண்டியும் கதாநாயகியைக் கண்ணில் காட்டவில்லை. எழுதுகிறவன் கடைசிவரை மதிப்பிற்குரிய, மதிப்பிற்குரிய என்றே ஆரம்பிக்கிறான். காதலிக்கிறானா, விண்ணப்பம் போடுகிறானா?'

பதிவறைக்காரருக்கு மூக்குமேல் கோபம் வந்தது. "மரியாதையா எழுதினா காதல் இல்லையாமா? அவன் அவளைத் தெய்வமா நினைக்கிறான். அதான் மதிப்பிற்குரிய."

"இருபத்தெட்டு வருஷமா என்னை 'இங்க பாரு'ன்னுதானே கூப்பிடறீங்க" என்றாள் மனைவி, துணியை உதறிக்கொண்டே. "ஒரு தடவை மதிப்பிற்குரியன்னு கூப்பிட்டுப் பாருங்க, காதலா இல்லையான்னு நான் சொல்றேன்."

இரண்டு வாரம் முடிந்ததும் மச்சினனை வரவழைத்தார்.

"காதல் படிக்கிறவங்களுக்கு அவசரம் மாமா. பத்தாம் பக்கத்துல கை பிடிக்கணும்" என்றான் அவன். "உங்களுது கனமான சரக்கு. 'இலக்கியம்'னு போடுங்க."

இலக்கியம் என்று போட்டார்கள். ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை. அந்த அலமாரியில் எழுதுகிறவர்கள் மட்டும்தான் இருந்தார்கள், படிக்கிறவர்கள் யாருமில்லை. பதிமூன்றாம் நாள் 'கறார் வாசகன்' என்ற புனைபெயரில் ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார்.

'மொழியில் வறட்சி. ஆனால் ஒரே கோரிக்கையை வார்த்தை மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே இருப்பதில் நவீன வாழ்வின் சலிப்பு பிடிபடுகிறது. ஆறாம் கடிதத்தில் "புகைப்படம் இணைத்துள்ளேன்" என்று சொல்லிவிட்டுப் புகைப்படத்தை இணைக்காமல் விட்டிருப்பது நல்ல உத்தி. இல்லாமையின் இருப்பு.'

பதிவறைக்காரர் இதை நான்கு முறை படித்தார்.

"ஆறாம் கடிதத்துல புகைப்படமா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். அவருக்கு ஞாபகம் இல்லை. ஒன்பது வருடத்தில் எத்தனை திருத்தம், எத்தனை அடித்தல். எப்போதோ எழுதி, எப்போதோ மறந்திருக்கலாம்.

"இல்லாமையின் இருப்புன்னா என்னங்க?" என்றாள் மனைவி.

"அது... இல்லாம இருக்கிறது இருக்கு இல்ல, அது."

"நம்ம வீட்டு இஸ்திரி மேசை மாதிரியா?"

அவர் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தார்.

மூன்றாவதாக மர்மம். அது மச்சினனின் சொந்த யோசனை. "யார் அந்தப் பொண்ணு? ஏன் பதில் போடலை? உயிரோட இருக்காளா? பாருங்க மாமா, அத்தனையும் மர்மம்." பதிவறைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, ஒத்துக்கொள்ளாமல் இருக்கவும் சக்தியில்லை. மர்ம அலமாரியில் கூட்டம் அலைமோதியது. ஒன்பது பேர் வாங்கினார்கள். ஒன்பது பேரும் திட்டினார்கள். அவர்களில் பண்பாகத் திட்டியவர் இப்படி எழுதியிருந்தார்:

'யார் குற்றவாளி என்று முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. கடைசிப் பக்கம் வரை அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. போலீசுக்குப் போகிறேன், போகிறேன் என்று சொல்கிறாரே தவிரப் போகவில்லை. இதற்குப் பெயர் மர்மமா?'

"உங்க கதாநாயகி என்ன குற்றம் பண்ணினா?" என்று மனைவி கேட்டாள்.

"மனசைத் திருடிட்டாள்ல? அதைச் சொல்றாங்க போல."

"அதுக்குப் போலீசுக்குப் போவானா உங்க ஆளு?"

போவேன் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறோமா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. கோபத்தில் முப்பதாவது கடிதத்தில் ஏதாவது எழுதியிருப்பான். எழுத்தாளனுக்குத் தன் முதுகு தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்? அப்படி யாரும் சொல்லவில்லை, ஆனால் அந்த நேரத்தில் யாரோ சொன்னது போலத்தான் அவருக்கு இருந்தது.

மூன்று மாதத்தில் ஆறு வாரம் போய்விட்டது. மனைவி இப்போதெல்லாம் மேசையை ஒரு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தாள். ஒருநாள் அவர் அலுவலகத்திலிருந்து வந்தபோது, காகிதக் கட்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டு, ஒரு சட்டையை மேசைமேல் விரித்து அளவு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா பார்த்தேன்" என்றாள்.

அவள் சண்டை போட்டிருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். அவள் அந்தச் சட்டையை மடித்து, காகிதங்களை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

*

நான்காவது வகை மச்சினனின் மூளையில் உதித்தது. அந்த நேரம் எப்படிப்பட்ட நேரமோ.

"மாமா, கூட்டம் இருக்கிற அலமாரியில போய் நின்னா நம்ம தலை தெரியாது. யாருமே இல்லாத அலமாரியா பார்த்துப் போடணும். அங்க நாம நின்னாலே முதலிடம்."

"அப்படி எது இருக்கு?"

"'மாதிரிக் கடிதங்கள்'." அவன் திரையைத் திருப்பிக் காட்டினான். "மொத்தமே நாலு புத்தகம். விடுமுறைக் கடிதம், ராஜினாமாக் கடிதம்னு. உங்களுது முழுக்கக் கடிதம்தானே?"

"டேய், அது நாவல்டா! ஒருத்தனோட உயிர்!"

"கடிதம் இருக்கா இல்லையா?"

இருந்தது. பதிவறை விதிப்படி பார்த்தாலும் காகிதத்தின் தலைப்பில் 'கடிதம்' என்று இருந்தால் அது கடித அலமாரிக்குத்தான் போக வேண்டும். தலைக்குமேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன, முழம் என்ன. "போடு" என்றார். சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

நான்காம் நாள் காலையில் திறந்து பார்த்தால் ஐந்து நட்சத்திரம்.

'இந்தத் துறையில் இப்படி ஒரு நூல் வந்ததில்லை. கற்பனை கலக்காத எழுத்து. பன்னிரண்டாம் கடிதத்தை அப்படியே எடுத்து என் பெயரைப் போட்டு அனுப்பினேன். மூன்றே நாளில் ஆள் வந்துவிட்டது.'

பதிவறைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். ஆள் வந்துவிட்டது.

அடுத்த நாள் இன்னொன்று: 'ஒரே கடிதத்தை இரண்டு பேருக்கு அனுப்பினேன். இரண்டு பேருமே ஓடி வந்தார்கள். யாரை வைத்துக்கொள்வது என்றுதான் குழப்பம்.'

அதற்கடுத்த நாள்: 'எங்கள் தெருவில் எல்லோரும் இப்போது இதைத்தான் அனுப்புகிறோம். பெரியவர்கள்கூட.'

"தெரு பூராவுமா?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டார்.

அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். ஒருத்திக்காக, ஒருத்திக்காக மட்டும், ஒருவன் உயிரை உருக்கி எழுதிய கடிதங்கள். அதை ஊரில் இருக்கிறவனெல்லாம் பெயரை மாற்றிப் போட்டு யார் யாருக்கோ அனுப்பிக்கொண்டிருக்கிறான். அதுவும் இரண்டிரண்டு பேருக்கு. யார் வீட்டுக் குடி கெடப்போகிறதோ, அந்தப் பாவமெல்லாம் யார் தலையில் விடியுமோ.

மச்சினனோ ஆனந்தக் கூத்தாடினான். "முதலிடம் மாமா! பாருங்க, பெயருக்குப் பக்கத்துல கிரீடம் போட்டிருக்கான்!"

"கிரீடத்தை எடுத்துக் குப்பையில போடு. வகையை மாத்து."

"இன்னும் ஒன்பது நாள் ஆகணும்."

"அப்போ ஒரு எச்சரிக்கையாவது போடு." அவரே சொல்லச் சொல்ல அவன் பின்னட்டைக் குறிப்பில் சேர்த்தான்: 'இந்தக் கடிதங்களை உண்மையில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். பின்விளைவுகளுக்கு ஆசிரியர் பொறுப்பல்ல.'

நல்லதற்குத்தான் போட்டார். அது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றியதாகப் போயிற்று. அனுப்பாதே என்று சொன்னால் அனுப்பாமல் இருக்கிற ஜனமா இது? 'ஆசிரியரே பயப்படும் அளவுக்கு வீரியமான கடிதங்கள்' என்று ஒருவர் எழுதினார். ஒரே வாரத்தில் இருநூறு பேர் வாங்கினார்கள்.

*

மறுநாள் அலுவலகத்தில் கண்காணிப்பாளர் கூப்பிட்டனுப்பினார். ஓய்வு பெற இரண்டே வருடம் இருக்கிற மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"கதவைச் சாத்துங்க" என்றார்.

பதிவறைக்காரர் சாத்தினார்.

"உங்க புத்தகத்தை வாங்கினேன்." கண்காணிப்பாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கை குடுங்க முதல்ல. அந்தப் பன்னிரண்டாம் கடிதம் இருக்கே, நானும் அனுப்பிட்டேன்."

"சார்... நீங்களா சார்?"

"ரெண்டு வருஷமாத் தவிக்கிறேங்க. போன் பண்ணினா எடுக்கிறதில்லை. நேர்ல போனா இல்லைன்னு சொல்லிடறாங்க. உங்க கடிதத்தை அனுப்பினேன். நேத்து சாயங்காலம் வீட்டுக்கே வந்துட்டாங்க."

"வீட்டுக்கேவா? வீட்ல... அம்மா இருப்பாங்களே சார்?"

"அவதான் காபி போட்டுக் குடுத்தா. அனுப்பச் சொன்னதே அவதானே!"

பதிவறைக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உலகம் இவ்வளவு தூரம் போய்விட்டதை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

"ரெண்டு பேர் வந்தாங்க" என்றார் கண்காணிப்பாளர்.

"ரெண்டு பேரா!"

"ஒருத்தரால முடியாதாம். மூணு மணி நேரம் இருந்தாங்க. எவ்வளவு திருப்தியா இருந்துச்சு தெரியுமா? இனிமே ஆறு மாசத்துக்கு ஒருமுறை தவறாம வந்து பார்க்கிறோம்னு எழுதிக் கையெழுத்தே போட்டுக் குடுத்துட்டாங்க." கண்காணிப்பாளர் முப்பத்தோரு வருடத்தில் முதல்முறையாகச் சிரித்தார். "உங்களை வெறும் பதிவறைன்னு நினைச்சுட்டோமே!"

வீட்டுக்கு எப்படி வந்தார் என்று அவருக்கே தெரியாது. வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் மேசை முன்னால் உட்கார்ந்தார். எழுதின கைமேலேயே அவருக்கு வெறுப்பு வந்தது. மூன்று மாதம் முடியக் காத்திருக்க வேண்டாம், இப்போதே மேசையைக் காலி செய்துவிடலாம் என்று முதல் கட்டைத் தூக்கினார்.

"அதை வைங்க" என்று குரல் வந்தது.

மனைவி கதவருகே நின்றிருந்தாள். முகம் சரியாக இல்லை. கண்காணிப்பாளர் வீட்டம்மா போன் பண்ணியிருக்க வேண்டும்.

"உண்மையைச் சொல்லுங்க. அந்தப் பன்னிரண்டாம் கடிதத்துல என்னதான் எழுதியிருக்கீங்க?"

"சத்தியமா ஒண்ணும் தப்பா இல்லை."

"தப்பா இல்லாமதான் தெரு பூரா அனுப்புதா? சொல்லுங்க."

பதிவறைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அந்தக் கடிதம் மட்டும் அவருக்கு மனப்பாடம். சொன்னார்: "'நீங்கள் கொண்டுவந்த கடிகாரம் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் பிந்தும். அதை நான் சரிசெய்திருக்கலாம், செய்யவில்லை. சரிசெய்துவிட்டால் நீங்கள் திரும்பி வரக் காரணம் இருக்காதே என்று நினைத்தேன். இத்தனை வருடத்தில் அது எவ்வளவு பிந்திப் போயிருக்கும்? ஒருமுறை வந்து காட்டிவிட்டுப் போங்கள்.'"

தொட்டியில் சொட்டு விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"இவ்வளவு நல்லா எழுதுவீங்களா?" அவள் குரல் இறங்கியிருந்தது. "ஒரு நாளாவது என்கிட்ட இப்படி ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களா?"

"நீ வீட்லயேதானே இருக்க. எங்கிருந்து வரச் சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தன் கைபேசியை எடுத்து நீட்டினாள். "இதைப் பார்த்தீங்களா? காலையில வந்திருக்கு. தம்பி அனுப்பினான்."

ஐந்து நட்சத்திரம். நீளமாக எழுதியிருந்தது. அவருக்குப் படிக்க முடியவில்லை, கண்ணாடி மங்கியிருந்தது. அவளே படித்துக் காட்டினாள்.

'என்னவோ மாதிரிக் கடிதம் என்று வாங்கினேன். ஒரே மூச்சில் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். இந்த மனிதரின் பொறுமைக்கு முன்னால் நானெல்லாம் தூசு. இத்தனை வருடம், இத்தனை கடிதம், ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. கடைசிக் கடிதத்தில் "இனிமேல் எழுத எனக்கும் தெம்பில்லை, நலமாக இருங்கள்" என்று முடித்திருக்கிறாரே, அங்கே அழுதுவிட்டேன். கல்நெஞ்சக்காரருக்கும் மனம் கரையும். பாவம், அவருக்கு யாராவது ஒரு பதில் போடக் கூடாதா?'

"கடைசி வரைக்கும் படிச்சிருக்காங்க" என்றாள் மனைவி. "அழுதிருக்காங்க. நம்ம சொந்தமும் இல்லை."

ஒன்பது வருடக் களைப்பும் ஒரே நேரத்தில் முதுகிலிருந்து இறங்கியது போல இருந்தது பதிவறைக்காரருக்கு. கடைசிக் கடிதத்தில் அப்படி ஒரு வரி எழுதியதாக அவருக்கு நினைவில்லை. அதனால் என்ன? தப்பான அலமாரியில் வைத்தாலும் சரியான ஆள் ஒருவர் தேடி எடுத்துவிட்டார். முப்பத்தோரு வருடப் பதிவறை வாழ்க்கையில் இது எங்கேயும் நடந்ததில்லை.

மனைவி மேசைமேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். அவர் கையிலிருந்த கட்டை வாங்கி, பழைய இடத்திலேயே வைத்தாள். பேனாவை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"மேசை உங்களுக்கு" என்றாள். "என் இடுப்பு எப்படியோ போகட்டும். கண் வலிச்சாலும் பரவாயில்லை, இன்னைக்கே நானும் உங்க புத்தகத்தைப் படிக்கப் போறேன். முதல் பக்கத்தில இருந்து."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். புத்தகத்தைத் திறக்கப் போன நேரத்தில் வாசல் மணி அடித்தது.

பதிவறைக்காரரே எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியே நடுத்தர வயதில் ஒருவர் நின்றார். நல்ல சட்டை, களைத்த முகம், தூரத்திலிருந்து வந்தவர் போலிருந்தார். அவருக்குப் பின்னால் பையைத் தோளில் மாட்டிய இன்னொரு ஆள். முன்னால் நின்றவர் கையிலிருந்த கைபேசியில் 'பதில் வராத கடிதங்கள்' அட்டைப்படம் தெரிந்தது.

வாசகர்! வீடு தேடி வந்திருக்கிறார். பதிவறைக்காரர் அவசரமாகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"இதை எழுதினது நீங்கதானே சார்?"

"நான்தான். உள்ளே வாங்க. முழுசாப் படிச்சீங்களா?"

"ஒரு வரி விடாமப் படிச்சேன் சார்." வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். "படிக்கப் படிக்க வெட்கமாப் போச்சு. நானும் பதில் போடாம இருந்த பாவிதான்."

உள்ளே இருந்த மனைவி கைபேசியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். பதிவறைக்காரர் அந்த மனிதரின் தோளில் கை வைத்து, ஓர் எழுத்தாளனுக்குரிய பரிவோடு மெதுவாகக் கேட்டார்.

"யாருக்குங்க?"

"உங்களுக்குத்தான் சார்! நான் மேல்வீட்டு ஓனர். குழாயை மாத்த ஆளைக் கையோட கூட்டிட்டு வந்துட்டேன், நீங்க எனக்கு எழுதின நாப்பத்தோரு புகார்க் கடிதத்தையும் புத்தகமாப் போட்டு ஊர் பூரா படிக்க விட்டிருக்கீங்களே, அதைத் தயவுசெஞ்சு கடையில இருந்து எடுத்துடுங்க!"